எட்டு மணிக்கு வரவேண்டியவள்

எட்டு இருபது. இருபதா இருபத்திரண்டா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கலாம், ஆனால் கண்ணாடியை எடுக்க இடப்பக்கம் சாய வேண்டும், சாய்ந்தால் அடிவயிறு நெருக்கும், அதனால் இருபது என்றே இருக்கட்டும். பகல் டியூட்டி கோகிலா எட்டு மணிக்கு வரவேண்டியவள். பாக்கியம் ஏழு மணிக்கே போய்விட்டாள், அவளுக்கு இங்கே ராத்திரி டியூட்டி, துவாக்குடி பஸ்ஸை விட்டால் அடுத்தது ரொம்ப நேரம் கழித்துத்தான், அதனால் ஏழிலிருந்து எட்டு வரை தினமும் நான் தனி. இந்த ஒரு மணி நேரத்துக்கு நானேதான் சம்மதித்தேன். ஆள் அனுப்புகிற ஏஜென்சியிலிருந்து கேட்டபோது, ஒரு மணி நேரம்தானே, முப்பத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவள், என்னைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா என்று சொன்னேன். சொன்னது யார்? வார்டுக்குள் நுழைந்தாலே ஆயாக்கள் பேச்சை நிறுத்திவிடுகிற ஞானசௌந்தரி சிஸ்டர், அன்றைய நான். அவள் சம்மதித்துவிட்டுப் போய்விட்டாள். எழுந்து நிற்க இன்னொருத்தியின் தோள் வேண்டியிருக்கிற நான் இங்கே கிடக்கிறேன். ஏழு மணிக்குப் பாக்கியம் டயபரை எடுத்துவிட்டு, துடைத்து, பவுடர் போடாமல், பவுடர் போடக்கூடாது என்று அவளுக்கு இரண்டு மாதம் சொல்லிச் சொல்லி, இடுப்புக்கு அடியில் சுத்தமான டிரா ஷீட் விரித்து, நீர் மாத்திரையைக் கையில் கொடுத்தாள். பகலில் டயபர் வேண்டாம் என்பது என் உத்தரவு. தோலுக்குக் காற்றுப் பட வேண்டும். மாத்திரை ஏழு மணிக்கு என்பதும் என் உத்தரவு. "கோகிலா வந்தப்புறம் போட்டுக்கறீங்களாம்மா?" என்று பாக்கியம் இன்றைக்கு என்னவோ கேட்டாள். சார்ட்டில் ஏழு என்று எழுதியிருக்கிறதே, கொடு என்று வாங்கி விழுங்கினேன். நீர் மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன்.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீழே யாரோ ஒரு காலி பெயிண்ட் வாளியை வைத்திருக்கிறார்கள். டொக். கொஞ்சம் பொறுத்து டொக். கேட்காமல் இருக்கலாம் என்று நினைத்தால் அடுத்த சொட்டுக்குக் காத்திருக்கிறேன் என்று தெரிகிறது, காத்திருப்பது காது இல்லை, அடிவயிறு. கால்களைச் சேர்த்து இறுக்கிக்கொள்கிறேன், இடது கால் சொன்னபடி கேட்கிறது, வலது கால் பாதி கேட்கிறது. வேறு எதையாவது நினை. ஆபரேஷன் முடிந்து வந்த பெண்களிடம் சொல்வேன், மூச்சை மெதுவாக விடு, இருபது வரைக்கும் எண்ணு, அதற்குள் வந்துவிடுவேன் என்று. எண்ணினார்களா? இருபதுக்கு மேல் எத்தனை தடவை எண்ணினார்கள்? பெட்பேன் குளியலறையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது, இங்கிருந்து அதன் விளிம்பு தெரிகிறது, சதுரமான ஒரு வெயில் துண்டு அதன் மேல் விழுந்திருக்கிறது. பதினைந்து அடி இருக்கும். பதினைந்து அடியை நான் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை நடந்திருக்கிறேன். கோகிலா, எங்கே தொலைந்தாய்?

போனை எடுத்து அவள் பெயரை அழுத்துகிறேன், மூன்றாவது தடவை. மணி அடிக்கிறது, முழுக்க அடித்து நிற்கிறது. பஸ்ஸில் இருந்தால் கேட்காது. பஸ்ஸில் இருக்கட்டும். லால்குடியிலிருந்து வருகிறவள், பாலத்தில் நெரிசலாக இருக்கலாம். பஸ்ஸில் இல்லை என்றால்? நெஞ்சுக்குள் ஒரு எலி ஓடுவது போல அந்த நினைப்பு ஓடுகிறது. அவள் வரவே இல்லை என்றால்? கீழ்வீடு டியூஷன் சென்டர், மாலை நாலு மணி வரைக்கும் பூட்டு. பாக்கியம் இரவு எட்டுக்குத்தான் வருவாள். பாட்டிலில் முக்கால்வாசித் தண்ணீர் இருக்கிறது. போனில் சார்ஜ் பாதிக்குக் கீழே. எட்வினைக் கூப்பிடலாம். என் தம்பி மகன், பெங்களூரில் இருக்கிறான், நல்ல பையன், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து கூப்பிடுவான். கூப்பிட்டால் அடுத்த நிமிஷம் ஏஜென்சிக்காரர்களைச் சத்தம் போடுவான், அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், சாயங்காலத்துக்குள் கோகிலாவை மாற்றிவிடுவார்கள். எனக்குக் கோகிலா மாற வேண்டாம். இந்த வாக்கியத்தை மனசுக்குள்கூட இதுவரை முழுசாகச் சொன்னதில்லை போலிருக்கிறது, புதிதாக இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் குளியலறையில்தான் விழுந்தேன். விழுந்ததும் தெரிந்துவிட்டது, தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது, கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது, பாடப் புத்தகத்தில் படம் போட்ட மாதிரி. கன்னம் தரையோடு ஒட்டியிருக்க, வாஷ்பேசினின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், அங்கே ஒரு பழைய சோப்புத் துண்டு கறுத்துப்போய் ஒட்டியிருந்தது, இத்தனை வருஷம் அந்த இடத்தை நான் துடைக்கவே இல்லை. நாலு மணி நேரம். பால்காரர் வந்து, பதில் இல்லை என்று கதவைத் தட்டி, ஆளைக் கூட்டி வரும் வரைக்கும். வலியைவிட அதுதான், யாருக்கும் தெரியாமல் கிடந்தது. என்னைத் தேட அன்றைக்கு ஒரே ஒருவருக்குத்தான் காரணம் இருந்தது, அரை லிட்டர் பால்.

எட்டு முப்பத்தைந்து. கோகிலாவுக்கு முன்னால் நாலு பேர். நாலு பேரையும் நான்தான் அனுப்பினேன். முதலில் வந்தவள் கையே கழுவமாட்டாள், மலம் துடைத்த கையோடு மாத்திரை டப்பாவைத் திறந்தாள், அவளை இரண்டே நாளில். அடுத்தவள் ஈரத் தோலில் பவுடரைக் கொட்டி மாவு பிசைந்த மாதிரி ஆக்கினாள். மூன்றாவது பெண் அக்குளில் கையைக் கொடுத்து அரிசி மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கினாள், தோள் மூட்டில் வலி ஒரு வாரம் இருந்தது. நாலாமவள் படித்தவள். கை கதகதப்பாக இருக்கும், தொடுவதற்கு முன்னால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள், திருப்புவது, துடைப்பது, குதிகாலுக்கு அடியில் தலையணை கொடுப்பது எல்லாம் சுத்தம், நான் பயிற்சி கொடுத்திருந்தால்கூட அப்படி வந்திருக்காது. ஆனால், "பாட்டி சமத்தா வாயைத் தொறப்பாங்களாம், ஆ காட்டுவாங்களாம்" என்பாள். எனக்கு எழுபத்தேழு வயது, நூற்றிருபது நர்ஸுகளுக்குத் தலைமையாக இருந்தவள், ஆ காட்ட வேண்டுமாம். பதினோராவது நாள் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். அவள் போகும்போது அழுதாள். என்ன தப்பு செய்தேன் மேடம் என்று கேட்டாள், அப்போதுதான் மேடம் என்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருத்தி மாறும்போதும் உடம்பை மறுபடி முதலிலிருந்து திறந்து காட்ட வேண்டியிருக்கிறது, இது தழும்பு, இங்கே தொடாதே, இந்த முழங்கால் இவ்வளவுதான் மடங்கும். புதுக் கை ஒவ்வொன்றும் முதல் நாள் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

கோகிலா ஐந்தாவது. நாற்பது வயது இருக்கும். வேலையைப் பற்றிக் கேட்டால் பத்துக்கு நாலு மதிப்பெண்தான் போடுவேன், அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால். தலை வாரினால் வேரோடு வரும். கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவருவாள். திருப்பும்போது இடுப்புக்கு அடியில் கை கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் முதுகைப் பிடித்துத் தள்ளுவாள். ஏஜென்சி கொடுத்த நோட்டில் காலையிலிருந்து எழுத வேண்டியதையெல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுவாள், இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பினேன், நாலு மணிக்கு ஒருமுறை திருப்பினேன், பிரஷர் நூற்று முப்பதுக்கு எண்பது. மாதம் முழுக்க நூற்று முப்பதுக்கு எண்பது. என் இரத்தத்துக்கு இப்படியொரு ஒழுக்கம் வாலிபத்தில்கூட இருந்ததில்லை. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் போனில் சீரியல் பார்ப்பாள், கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, எனக்குத் தூக்கம் கெடக்கூடாது என்று சத்தத்தைக் குறைத்துவைத்து, பிறகு கதையை அவளே சொல்வாள். "அவ வீட்டை விட்டே போயிட்டாம்மா. போகட்டும்னு அந்தக் கிழவி கதவைச் சாத்திட்டா, இதெல்லாம் ஒரு ஜென்மமா சொல்லுங்க." நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். நேற்று ஒன்றேமுக்காலுக்கே கண் கடிகாரத்துக்குப் போனது. அந்தப் பெண் திரும்பி வந்தாளா, கிழவி கதவைத் திறந்தாளா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னது, அந்த ஒலியைக் குறை, டியூட்டி நேரத்தில் போன் எதற்கு.

டொக். ஒன்பது ஆகப்போகிறது. நெற்றியில் வியர்வை. இது இனிமேல் முட்டுதல் இல்லை, வலி, தொப்புளுக்குக் கீழே ஒரு சூடான கல். பதினேழாம் நம்பர் படுக்கை. ஏன் இப்போது அது? வேண்டாம் என்றால் வரும். எனக்கு இருபத்தொன்பது வயது, மாவட்ட ஆஸ்பத்திரி, பெண்கள் எலும்பு வார்டு, அறுபது படுக்கைக்கு இரண்டு பேர். அம்மாக்கண்ணு என்று ஒரு கிழவி, இடுப்பு எலும்பு முறிந்து காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தது. தாயி, கொஞ்சம் வந்துட்டுப் போ தாயி என்பாள். வர்றேன் என்பேன். போகும்போது வர்றேன், திரும்பும்போது வர்றேன். வர்றேன் என்பது வருவேன் என்று சொல்வதற்கு இல்லை, கூப்பிடுவதை நிறுத்தச் சொல்வதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டுவிடுவோம். சார்ட்டில் இரண்டு மணிக்குத் திருப்பினேன், நாலு மணிக்குத் திருப்பினேன், ஆறு மணிக்கு, கையெழுத்து. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போர்வையைத் தூக்கினார். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண், எலும்பு வரைக்கும். அவர் என்னைப் பார்த்தார், நான் சார்ட்டை நீட்டினேன். சார்ட் சரியாக இருந்தது. சார்ட்டில் ஒரு தப்பும் இல்லை. அவர் அடுத்த படுக்கைக்குப் போனார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் நான் யார் சார்ட்டையும் நம்பியதில்லை, நர்ஸுகளுக்கு நான் ஒரு பயம், ஞானசௌந்தரி சிஸ்டர் வந்தால் போர்வையைத் தூக்கித்தான் பார்ப்பாள் என்று சொல்வார்கள், அதில் எனக்குப் பெருமை. பெருமைதான். அம்மாக்கண்ணு ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. அவளை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குமேல் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் கேட்கவில்லை.

எழுந்தால் என்ன. கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார வருகிறது, அது தினமும் வரும். இடது காலைத் தரைக்கு இறக்கினேன். தரை சில்லென்று இருக்கிறது, நல்லா இருக்கிறது. வலது காலை இரண்டு கையாலும் தூக்கி விளிம்புக்குக் கொண்டுவந்தேன், அது வேறு யாருடைய காலோ போல வந்தது. இனி நிற்க வேண்டும். நாற்காலி ஒரு எட்டு தூரத்தில். நாற்காலியைப் பிடித்தால் சுவர், சுவரைப் பிடித்தால் கதவு. கையில் பலம் கொடுத்துக் கொஞ்சம் எழும்பினேன், உடம்பு ஒரு அங்குலம் மெத்தையை விட்டுப் பிரிந்தது, அந்த ஒரு அங்குலத்தில் குளியலறைத் தரை முகத்துக்கு நேராக வந்தது, கறுத்த சோப்புத் துண்டு, பைப்பின் வளைவு, எல்லாம். கை விட்டுவிட்டது. மறுபடி மெத்தையில். கால்களை மறுபடி மேலே ஏற்றவே பத்து நிமிஷம் ஆனது. ஏறியபின் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தேன், டிரா ஷீட் கசங்கிச் சுருண்டு இடுப்புக்கு அடியில் மடிப்பாக இருந்தது, மடிப்பு இருக்கக்கூடாது, மடிப்பில்தான் புண் தொடங்கும். கைக்கு எட்டவில்லை.

போன் அடித்தது. கோகிலா என்று நினைத்து எடுத்துவிட்டேன். ஏஜென்சி.

"வணக்கம் மேடம், தீபிகா பேசறேன் மேடம். மாசாமாசம் பண்ற குவாலிட்டி கால் மேடம். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

பேசலாம் என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. முப்பது வருஷக் குரல், அது தனியாகவே வேலை செய்யும்.

"உங்க அட்டெண்டர் கோகிலா நேரத்துக்கு வர்றாங்களா மேடம்?"

ஒன்பது இருபத்தைந்து. கட்டிலில் நான் ஒருத்தி. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும், அரை மணியில் யாரையாவது அனுப்பிவைப்பார்கள், அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆறாவது ஒருத்தி வருவாள். குளிர்ந்த கையோடு வருவாள். நான் முதலிலிருந்து தொடங்குவேன், இது தழும்பு, இங்கே தொடாதே. மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு அமைதியாக இருக்கும். "வர்றா," என்றேன்.

"இன்னைக்கு வந்துட்டாங்களா மேடம்?"

"வந்தாச்சு. சமையலறையில இருக்கா."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பேப்பர் புரட்டுவது போல ஒரு சத்தம். "சுத்தம், மரியாதை, வேலை எல்லாம் சேர்த்து ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு மேடம் குடுப்பீங்க?"

அப்போது அது நடந்தது. நான் விடவில்லை, அதுவாகப் போனது. முதலில் சூடு, அப்பா என்றொரு நிம்மதி, உடம்பு முழுக்கத் தளர்ந்து கொடுக்கிற நிம்மதி, வெட்கம் வருவதற்கு முன்னால் அந்த நிம்மதி வந்ததுதான் வெட்கம். சூடு தொடைக்குக் கீழே பரவி, இடுப்புக்குப் பரவி, முதுகுவரைக்கும் ஏறியது. நிற்கவில்லை. மாத்திரை நல்ல மாத்திரை. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி, "அஞ்சு," என்றேன்.

"அஞ்சா மேடம்?"

"ஆமா. அஞ்சு."

"அவங்கமேல உங்களுக்கு எந்தப் புகாரும்..."

"ஒண்ணும் இல்ல. நல்லாப் பாத்துக்கறா. மாத்த வேண்டாம்."

"சரிங்க மேடம்," என்றாள் அந்தப் பெண், என்னவோ சொல்ல வந்து நிறுத்தியது போல இருந்தது. "நன்றி மேடம்."

சூடு எத்தனை நேரம் இருக்கும்? மூன்று நிமிஷம். அப்புறம் குளிரத் தொடங்கும், ஃபேன் காற்று பட்டால் இன்னும் சீக்கிரம். பிறகு அரிக்கும். ஈரத்தில் தோல் ஊறிப்போகும், ஊறிய தோல் உராய்ந்தால் உரியும், இரண்டு மணி நேரம் போதும். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன. வார்டில் காலையில் உள்ளே நுழையும்போது எந்தப் படுக்கை நனைந்திருக்கிறது என்று கதவிலிருந்தே சொல்லிவிடுவேன், படுத்திருப்பவர்களின் முகத்தை வைத்து. நனைந்தவர்கள் கூப்பிடமாட்டார்கள். காய்ந்திருப்பவர்கள்தான் கூப்பிடுவார்கள். நனைந்தவர்கள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, யாரும் தன் பக்கம் வராமல் இருந்தால் தேவலை என்பது போல் இருப்பார்கள். நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடை வந்தது, என்னுடையது. ஏசித் தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது, இனி அதைக் கேட்கலாம், ஒன்றும் செய்யாது. இப்போது அவள் வந்தால்? வராமலே இருக்கட்டும், காய்ந்தபிறகு வரட்டும் என்று ஒரு நினைப்பு. உடனே, இரவு எட்டு மணி வரைக்குமா என்று ஒரு பயம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது பயம் எது வெட்கம் என்று பிரிக்க முடியவில்லை. போனைப் போர்வைக்கு மேல் எடுத்துவைத்தேன், நனையக்கூடாது.

பத்து பத்துக்குக் கதவில் சாவி திரும்பியது. செருப்பைக் கழற்றும் சத்தம். கையைக் கழுவும் சத்தம், இதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு மூன்று வாரம் ஆனது. கோகிலா உள்ளே வந்தாள், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டே வந்தவள் நின்றாள். மூக்கு சொல்லியிருக்கும்.

"அய்யய்யோ. எப்பம்மா?"

"கொஞ்ச நேரம் முன்னாடி."

"பஸ்ஸு..." என்று தொடங்கினாள், நிறுத்தினாள். போர்வையை விலக்கினாள். வெந்நீர் கலந்து கொண்டுவந்தாள், துண்டு, மாற்றுப் புடவை, புது டிரா ஷீட். என்னை இடப்பக்கம் திருப்பி ஈரத் துணியைச் சுருட்டி முதுகோரம் ஒதுக்கினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு சூடாக இருந்தது, கொஞ்சம் அதிகச் சூடு. முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும் என்று வாய்வரை வந்தது, அவள் அப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க செவந்திருக்கும்மா," என்றாள். "அழுத்தினா வெளுக்குது. வெளுத்தா பரவாயில்லன்னு சொன்னீங்கள்ல?"

"பரவாயில்ல."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். என் முதுகுக்குப் பின்னால் இருந்தாள், முகம் தெரியவில்லை. "பஸ்ஸெல்லாம் நேரத்துக்குத்தான் வந்துச்சு. நான் ஆபீசுக்குப் போயிருந்தேன். எட்டு மணிக்குள்ள பேசிட்டு வந்துடலாம்னு நெனச்சேன், அந்தத் தீபிகா பொண்ணு ஒம்போதுக்கு மேலதான் வந்துச்சு. போன் பைக்குள்ள கெடந்துச்சு, பாக்கல. தப்புதான்மா."

"ஆபீசுக்கு எதுக்கு?"

"கேஸ் மாத்திக் கேக்க. வேற வீடு வேணும்னு."

டிரா ஷீட்டின் நுனி என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க என்னைப் பத்திப் புகார் குடுத்திருக்கீங்களான்னு பாக்கத்தான் அந்தப் பொண்ணு போன் போட்டுச்சு. நான் எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டுச்சு." துண்டை வெந்நீரில் நனைத்தபடி, "வந்தாச்சு, சமையலறையில இருக்கான்னு சொன்னீங்க," என்றாள். "அஞ்சு குடுத்தீங்க. ஏம்மா?"

என்ன சொல்ல? புதிதாக ஒருத்தி வந்தால் எல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அது இல்லை. அவளும் அது இல்லை என்று தெரிந்துகொண்டாள் போலிருந்தது, துண்டைப் பிழிந்தாள்.

"ஏன் மாத்திக் கேட்ட?" என்று கேட்டேன். வார்டில் கேட்கிற குரல் இல்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. எட்டாங்கிளாஸோட நின்னவ நான், பரீட்சைன்னாலே பயம். இங்க தெனம் பரீட்சையா இருக்கு. கதவத் தொறக்கையிலயே இன்னைக்கு எது தப்பாகுமோன்னு இருக்கு." துண்டு மறுபடி முதுகில் வந்தது. "மத்த வீட்டுல எல்லாம் திட்டுவாங்க. வலிச்சா கத்துவாங்க, ஒரு தாத்தா கையிலயே கடிச்சு வெச்சாரு. அது புரியுதும்மா, வலிக்குது, கத்துறாங்க. நீங்க வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னதில்ல. கைய வைக்கிற எடம் தப்பு, மடக்குற விதம் தப்புன்னுதான் சொல்வீங்க. உங்களுக்கு வலிச்சுதா, இல்ல நான் தப்பா செஞ்சேனா, எனக்கு வெளங்கவே மாட்டேங்குது."

"எப்பலேருந்து போற?"

"திங்கட்கெழமை. உறையூர்ல ஒரு கேஸ். நீங்க அஞ்சு குடுத்ததுக்கப்புறமும் அந்தப் பொண்ணு என்னைத்தான் கேட்டுச்சு, அங்கேயே இருந்துடறீங்களாக்கான்னு. இல்லன்னுட்டேன்." பிறகு மெதுவாக, "சொல்லிட்டேன், இனிமே மாத்த முடியாது," என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளி, சனி, ஞாயிறு. போகாதே என்று சொல்லலாம். ஒரு எழுத்துக் குறைவாக, இரு என்று சொன்னால்கூடப் போதும். ஆனால் எழுபத்தேழு வருஷமாக நான் யாரையும் இரு என்று சொன்னதில்லை, வா, போ, செய், கொண்டுவா, அவ்வளவுதான் தெரியும், அதுவும் இப்போது சொன்னால் அது அவளைக் கட்டுவது, அவளுக்கு மறுபடி பரீட்சை. சொல்லவில்லை.

"இந்தப் பக்கம் திரும்பணும்மா. ஈரத்த உருவிடறேன்."

வலப்பக்கம். ஆபரேஷன் செய்த பக்கம். முழங்காலை முதலில் மடக்க வேண்டும், இடுப்புக்கு அடியில் ஒரு கை, தோளுக்கு அடியில் ஒரு கை, உடம்பை ஒரே கட்டையாக. அவள் முதுகைப் பிடித்தாள். தள்ளினாள். இடுப்பில் பிளேட் வைத்த இடத்திலிருந்து ஒரு மின்னல் முழங்காலுக்கு இறங்கியது. வாக்கியம் தயாராக இருந்தது, எப்போதும் தயாராக இருக்கும் வாக்கியம், கையை எங்கே வைத்திருக்கிறாய் பார். வாயைத் திறந்தேன்.

"நோவுது," என்றேன்.

எங்கள் நாகர்கோவில் பக்கத்துச் சொல். நர்ஸ் படிப்புக்கு வந்து விடுதியில் சேர்ந்த வருஷத்தோடு விட்டது. என் குரல் மாதிரியே இல்லை, யாரோ சின்னப் பெண் அறையில் இருப்பது போல இருந்தது.

கோகிலாவின் கை நின்றது. "எங்கம்மா?"

எங்கே? இடுப்பு என்று சொல்லலாம், எந்த எலும்பு, எந்த நரம்பு என்று சொல்லலாம். ஆனால் வலி அங்கே மட்டும் இல்லை, காலையிலிருந்து, அதற்கு முன்னாலிருந்து, இன்ன இடம் என்று விரலை வைக்க முடியாதபடி எங்கும் இருந்தது. "தெரியல," என்றேன். "நோவுது. தெரியல." கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கின் மேல் வழிந்து தலையணைக்குப் போனது. துடைக்கக் கை வரவில்லை, ஒரு கை உடம்புக்கு அடியில், இன்னொன்று கட்டில் கம்பியில்.

அவள் தள்ளவும் இல்லை, விடவும் இல்லை. கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறி, என் முதுகைத் தன் வயிற்றோடு அணைத்து, பாதி திரும்பியபடி இருந்த உடம்பைத் தாங்கிக்கொண்டாள். ஈரத் துணி அவள் புடவையில் பட்டது. அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

"சரி," என்றாள். "மெதுவா. தெரியட்டும். தெரியற வரைக்கும் இப்படியே இருப்போம்."

அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. படியேறி வந்த மூச்சு, இன்னும் அடங்கவில்லை.